அக்காவுக்காகப் பூக் கேட்கப் போன நாள்

எங்கள் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடை பழகிய நாளிலிருந்தே அவள் டாக்டரம்மாதான். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பெரியப்பா, "பொண்ணாப் போச்சேன்னு நெனைக்காத, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாராம். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுகிறவர் இல்லை எங்கள் அப்பா. அன்றைக்கு மட்டும் என்ன நினைத்தாரோ, "என்ற புள்ள இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரில டாக்டரா உக்காருமுங்கண்ணா" என்று பங்காளிகள் எல்லோரும் நிற்கும்போது சொல்லிவிட்டார். அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதை மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டது மற்றவர்கள்.

கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒரு மாமா கையை நீட்டி, "டாக்டரம்மா, நாடி புடிச்சு என்ன சீக்குன்னு சொல்லு" என்பார். அக்காவும் சின்ன வயதில் பிடித்துப் பார்த்து, "ரசம் ஊத்திச் சாப்பிடுங்க, செரியாப் போயிரும்" என்று சொல்லியிருக்கிறாள். பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் ஸ்டெதாஸ்கோப்பையே வாங்கிக்கொண்டு வருவார்கள்.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வருஷ வித்தியாசம். நான் பிறந்தபோது யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அப்பாவும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இரண்டாவதும் பெண் என்றதும் எல்லோருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். அதனால் எனக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. அக்காவுக்கு வந்த ஸ்டெதாஸ்கோப்புகள்தான் கிடைத்தன. அவற்றை வைத்துப் பண்ணையில் கோழிகளுக்கு வைத்தியம் பார்ப்பேன். எங்களுக்குச் சேந்தமங்கலம் போகிற ரோட்டில் முட்டைக்கோழிப் பண்ணை. பெரிய பண்ணை இல்லை, அப்பாவும் அம்மாவும் இரண்டு வேலையாட்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற அளவுதான்.

அக்காவுக்கு உண்மையில் பிடித்தது கல். முட்டை அடுக்குகிற காகித அட்டை எங்கள் வீட்டில் எப்போதும் மலையாகக் குவிந்து கிடக்கும். அவற்றில் நல்லதாக எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்லை வைத்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாள். சேலம் போய்வரும் வழியில் பொறுக்கிய வெள்ளைக் கல், கொல்லிமலை அடிவாரத்து ஓடையில் எடுத்த கருங்கல், உள்ளே மினுமினுக்கிற ஏதோ ஒரு கல். அம்மா கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் தட்டும். "முட்டை அட்டையில முட்டைய வெப்பாங்க, இவ கல்ல வெச்சிருக்கறா" என்பாள். ஆனால் எடுத்து வெளியே போட்டதில்லை.

நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பண்ணைக்குத் தண்ணீர் போதாமல் அப்பா போர் போட்டார். திருச்செங்கோட்டிலிருந்து துளை போடுகிற ரிக் வண்டி வந்தது. கல்தூள் புகை மாதிரி எழும்பிப் பண்ணை முழுக்கப் படிந்தது. அக்கா முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு குழிக்குப் பக்கத்திலேயே நின்றாள். தூளின் நிறம் மாறும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தாள். ரிக் ஆபரேட்டரிடம், "ஏனுங்கண்ணா, மேல செவப்பா வந்துச்சு, இப்ப எதனாலங்க வெள்ளையா வருது?" என்று கேட்டாள். "அதெல்லாம் நமக்கு எதுக்கு அம்மிணி, தண்ணி வந்தாப் போதும்" என்றார் அவர். அப்பாவும் அக்காவும் நாள் முழுக்க அந்த ஒரே குழியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா தண்ணீர் வருமா என்று பார்த்தார். அக்கா அடுத்து என்ன நிறத்தில் தூள் வரும் என்று பார்த்தாள்.

தண்ணீர் வரவில்லை. வண்டி போன பிறகு அக்கா பைகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாருத்துக்கும் மொகம் செத்துக் கெடக்குது. உனக்கு மட்டும் என்ன கண்ணு இத்தன சந்தோசம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. பைகளை மடியில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிளஸ் டூ முடித்து அக்கா மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினாள். மதிப்பெண் போதவில்லை. முடிவு வந்த அன்றைக்கே பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மொதத் தடவையே யாருக்கும் வர்றதில்ல. ஒரு வருசம் கோச்சிங்ல ஹாஸ்டல்லயே போட்டுரு. இத்தன வருசமா டாக்டரு டாக்டருன்னு சொல்லிப்போட்டு இப்ப விட்டா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?" என்றார். "ஆகட்டுங்கண்ணா" என்றார் அப்பா.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அக்கா சொன்னாள்.

"அப்பா, சேலத்துல கவர்மெண்டு காலேஜ்ல சீட்டுக் கெடச்சிருக்குதுங்க. கூடப் படிச்ச புள்ள அப்ளிகேசன் போட்டப்ப நானும் போட்டு வெச்சேன். திங்கக்கெழமைக்குள்ள போய்ச் சேரோணும்."

"என்ன படிப்பு கண்ணு?"

"ஜியாலஜிங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கும் தெரியவில்லை.

"கல்லு, மண்ணு, பூமிக்கு அடியில என்ன இருக்குதுன்னு படிக்கறதுங்கப்பா."

அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கல்லப் பத்திப் படிக்கறதுக்குக் காலேஜ் இருக்குதா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இருக்குதுங்க. தண்ணி இருக்கற எடம் பாக்கற வேலைக்குப் போலாம், சொரங்கத்துக்குப் போலாம். கவர்மெண்டுலயும் எடுக்கறாங்க."

"டாக்டருக்கு இன்னொருக்கா எழுதிப் பாக்கறது?"

"நீங்க எழுதச் சொன்னா எழுதறேங்கப்பா."

"நான் எதுக்குச் சொல்லோணும், உன்ற இஷ்டம்" என்றார் அப்பா.

"உங்க இஷ்டந்தாங்க" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் இதுதான் சிரமம். சண்டை போட்டிருந்தால் யாராவது ஒருவர் ஜெயித்திருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி உங்கள் இஷ்டம், உன் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினார்கள். அப்பா பண்ணைக்குப் போனால் திரும்பி வர நேரமானது. அக்கா துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தாள். கடைசியில் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "ரண்டு பேரும் இப்படியே இருந்தீங்கன்னா திங்கக்கெழமை தானா வந்துட்டுப் போயிரும். டாக்டருக்கு இன்னொரு வருசம் படிக்கட்டுமான்னு கோயில்ல பூக் கேட்டுப் பாத்துரலாங்க. சாமிகிட்ட விட்டுட்டா யாரு மேலயும் பொல்லாப்பு இல்ல."

பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, இடம் வாங்குவது என்று எந்தப் பெரிய காரியத்துக்கும் எங்கள் பக்கத்தில் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியே வாழையிலைக் கிழிசலில் ஒரே மாதிரி மடித்து நாரில் கட்டி, பூசாரி சாமி காலடியில் போடுவார். கேட்கிற காரியத்துக்கு வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலத்தை எடுப்பது வயதுக்கு வராத சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தத் தகுதி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அக்காவுக்கு இல்லாத ஒரு தகுதி எனக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே எழுந்து தலைக்குக் குளித்து, பட்டுப் பாவாடை வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டிக்கொண்டேன்.

முட்டை ஏற்றுகிற சின்ன வேனில்தான் போனோம். அப்பாவும் அம்மாவும் முன்னால். பின்னால் காலி அட்டைக் கட்டுகளின் மேல் நானும் அக்காவும். வண்டி குலுங்கும்போதெல்லாம் கோழி வாசம் மேலே எழும்பியது. நான் அக்காவின் காதில், "உனக்கு எது வேணும்னு சொல்லு, அதையே எடுக்கறேன்" என்றேன்.

"எலைக்குள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா எடுக்கறேன்."

"தெரிஞ்சாலும் அப்படி எடுக்கக் கூடாது. கைக்கு எது வருதோ அதை எடு" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் எனக்கென்று ஒரு முடிவு இருந்தது. வெள்ளை என்றால் டாக்டர், டாக்டர் என்றால் அப்பா சொன்னது. ஊரே அதைத்தான் சொல்கிறது. அப்பா ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது. கோயில் வந்து இறங்கும்போது அப்பா என் பாவாடையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, "பயப்படாத சாமி. எது வந்தாலும் நல்லதுதான்" என்றார். நான் பயப்படவே இல்லை.

பெரியப்பா எங்களுக்கு முன்பே வந்து பூசைத் தட்டோடு நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் கல்யாணக் காரியமாகப் பூக் கேட்க வந்த வேறொரு குடும்பம் காத்திருந்தது. என்ன கேட்க வேண்டும் என்று பூசாரி கேட்டதும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ வாய்க்குள்ளேயே சொன்னார். பூசாரிக்குக் கேட்கவில்லை. பெரியப்பா முன்னால் வந்து, "புள்ள டாக்டருக்கு இன்னொரு வருசம் படிக்கட்டுமான்னு கேளுங்க. உத்தரவுன்னா வெள்ள, இல்லீன்னா செவப்பு" என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

பூசாரி பொட்டலங்களைத் தாம்பாளத்தில் உருட்டிச் சாமி முன்னால் வைத்தார். நான் கண்ணை மூடி, வெள்ளை வரட்டும், வெள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பூசாரி நாரைப் பிரித்தார். வெள்ளை.

"நல்ல உத்தரவு" என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறிது நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தவள் மாதிரி திருநீறு வாங்கக் கையை நீட்டினாள்.

"ஏனுங்க பூசாரி" என்றார் அப்பா. "புள்ள எந்தக் கையில எடுத்துச்சுங்க?"

"சோத்தாங்கையிலதானுங்க எடுத்துச்சு."

"இல்லீங்க, நீங்க வெக்கறதுக்குள்ளயே கைய நீட்டிருச்சு. இன்னொருக்கா கேட்டுரலாங்க."

"வெள்ள வந்துருச்சல்லப்பா, அப்பறமென்ன?" என்றார் பெரியப்பா.

"மனசுக்குத் திருப்தியா இருக்கட்டுங்கண்ணா."

பூசாரி புதிதாகப் பூவை வைத்துக் கட்டினார். இந்த முறை தாம்பாளத்தின் மேல் துண்டைப் போட்டு மூடி, அப்பாவுக்குச் சந்தேகமே வராதபடி நெடுநேரம் உருட்டினார். அவர் வைத்துவிட்டுக் கையை எடுத்து, எடு என்று சொல்லும் வரை நான் அசையவில்லை. வலது கையால்தான் எடுத்தேன். மறுபடியும் வெள்ளை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமியே என் கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதாக நினைத்தேன். பின்னால் நின்ற கல்யாண வீட்டு அம்மா கூட, "கொழந்தைக்கு நல்ல கை" என்று சொன்னார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு தடவ கேக்கறது வழக்கந்தானுங்களே" என்றார் பூசாரியிடம்.

பூசாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "செவப்பு வந்தவங்கதானுங்க மூணு தடவ கேப்பாங்க. வெள்ள வந்தும் கேக்கறவங்கள நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஏப்பா, உனக்கு இப்ப என்னதான் வேணும்?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தாம்பாளத்தையே பார்த்தார். பூசாரி சலித்துக்கொண்டே மூன்றாவது முறையாக இரண்டு பொட்டலங்களையும் வைத்தார். எடு என்றார். நான் கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்கப்பா" என்றாள். "சாமி ரண்டு தடவ சொல்லியாச்சு. நான் படிக்கறேன்."

"இல்ல கண்ணு, இன்னும் ஒரே ஒருக்கா…"

"போதுங்க. பின்னால ஆளுக நிக்கறாங்க."

அவள் பிடி இறுக்கமாக இருந்தது. வெளியே வந்து செருப்புப் போடும் வரை என் கையை விடவில்லை.

திரும்பும் வழியில் அப்பா ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். எங்களுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு டீ டம்ளரோடு தனியாகப் புளியமரத்தடியில் போய் நின்றார். அதுவரைக்கும் யாரும் என்னைப் பாராட்டவில்லையே என்று எனக்குக் குறை. பஜ்ஜியை முடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். "அப்பா, நான் ரண்டு தடவையும் வெள்ளையவே எடுத்தேன் பாத்தீங்களா?"

அப்பா திரும்பினார். "ஒரு பூவ ஒழுங்கா எடுக்கத் துப்பில்ல. பெருசாப் பேச வந்துட்ட. போ, போய் வண்டில உக்காரு" என்றார்.

அப்பா அதுவரை என்னைத் திட்டியதே இல்லை. எனக்கு அழுகை வர நேரமானது. முதலில் அவர் வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்து அங்கேயே நின்றேன். பிறகுதான் அழுதேன். அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு, "புள்ளைய எதுக்குங்க வையறீங்க, அது என்ன பண்ணுச்சு?" என்றாள். அப்பா மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். அக்கா துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ சரியாத்தான் எடுத்த" என்றாள்.

திங்கட்கிழமை வந்துவிட்டுப் போயிற்று. அக்கா நாமக்கல்லில் கோச்சிங் ஹாஸ்டலில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முறுக்கும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போவார். என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டால், "நல்லாருக்கறா" என்பார். கட்டிலுக்கடியில் இருந்த கல் அட்டைகளை அம்மா வாசலில் எடுத்து வைத்திருந்தாள். யாரும் எதுவும் சொல்வதற்குள் அப்பா அவற்றைச் சுமந்துகொண்டு போய்த் தீவன அறைப் பரணில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு இடம் கிடைத்தது. தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, இப்போது ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வேலை பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "புடிக்காம என்ன? எத்தன பேரு நம்பி வர்றாங்க தெரியுமா?" என்றாள். அவள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல டாக்டர் என்று அந்தப் பக்கத்தில் பேர் வாங்கியிருக்கிறாள். சாலை போட மலையை வெட்டியிருக்கிற இடத்தில் மட்டும் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வாள்.

நான் பிளஸ் டூ முடித்தபோது அப்பா என்னிடம், "நீ என்ன படிக்கற சாமி? எதுன்னாலும் செரி" என்றார். எனக்குப் பல நாள் பதில் தெரியவில்லை. என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதால், எனக்கு என்ன வேண்டும் என்று நானும் யோசித்ததில்லை. கடைசியில் கூடப் படித்தவள் சேர்ந்த பி.காமில் சேர்ந்தேன். கல்லூரிக்குத் துணி எடுத்து வைக்கும்போதுதான் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள்.

"அக்கறையில்லாம உன்ற இஷ்டத்துக்கு விட்டுட்டாருன்னு நெனைக்காத. அக்காளுக்கு விட முடியலீன்னுதான். அன்னிக்குப் பூக் கேக்கப் போறப்பவே எங்கிட்டச் சொன்னாரு, செவப்பு வந்துட்டாத் தேவலை, சாமி வேண்டாம்னு சொல்லிப்போடுச்சுன்னு அண்ணங்கிட்டச் சொல்லிரலாம்னு. அவரு வாயால எப்படிச் சொல்லுவாரு, அத்தன பேரு முன்னால சொன்ன சொல்லு."

"அக்காவுக்கு இது தெரியுமாம்மா?"

"அவளுக்குத் தெரியாம இருக்குமா? அதுக்குத்தான மூணாவது எடுக்க விடல. பெரியப்பன் முன்னால உங்கப்பன் தலையக் குனிஞ்சுட்டு நின்னது அவளுக்குப் பொறுக்கல."

அம்மா சொல்லிவிட்டு அடுத்த துணியை மடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு அது பழைய விஷயம்.

அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது நான் இதையெல்லாம் வேறு விதமாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். அட்டைக் கட்டின் மேல் அக்காவின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தேன். கோயிலில் அவள் பிடித்த இடத்தில் என் கை சிவந்திருந்தது. மூன்றாவது முறை எங்கே சிவப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள், பாவம், அவளுக்கும் டாக்டர் ஆகத்தான் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளையாக இரண்டு முறையும் நான் அவளைக் காப்பாற்றிவிட்டேன். அந்தத் திருப்தியில், அப்பா திட்டியதைக்கூட மறந்து, வீடு வருவதற்குள் தூங்கிப்போனேன்.